முள் சீத்தா இலையும் பத்தாயிரம் மடங்கும்

எங்கள் பள்ளியில் கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் ஒரு முள் சீத்தா மரம் நிற்கிறது. சுற்றுச்சூழல் மன்ற மாணவர்களோடு சேர்ந்து நான் நட்டது. தொட்டித் தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதால் நன்றாக வளர்ந்துவிட்டது. கடந்த ஆண்டு ஜூலை மாதம் அதன் தாழ்ந்த கிளைகள் நாளுக்கு நாள் மொட்டையாகி வருவதைக் கவனித்தேன். ஆடு புகுந்திருக்கும், வேலியைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாலை, மணி அடித்த பிறகு அந்தப் பக்கம் போனபோதுதான் தெரிந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இலைகளைப் பறித்து, மதிய உணவு டப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு இலை?"

"அம்மாவுக்கு சார். கொதிக்க வச்சுக் குடிக்கிறாங்க."

"யார் சொன்னாங்க?"

சற்றுத் தயங்கினாள். "நீங்கதான் சார். நான் எட்டாவது படிக்கும்போது சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். உலகச் சுற்றுச்சூழல் நாள் அன்று, காலை வழிபாட்டுக் கூட்டத்தில், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை அப்படியே வாசித்திருந்தேன். "முள் சீத்தா கீமோதெரபியை விடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது" என்ற அந்தச் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது போதாதென்று, மரத்தடியில் "புற்றுநோயை விரட்டும் மரம்" என்று ஒரு பலகையும் வைத்திருந்தேன். வண்ணம் தீட்டியவர்கள் மாணவர்கள், வாசகம் என்னுடையது.

அந்த மாணவியின் தாய்க்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒரு முறை கீமோ. இரண்டு தவணை முடிந்திருந்தது. முடி கொட்டி, வாய் புண்ணாகி, சாப்பிட முடியாமல் போனதால் மூன்றாவது தவணைக்குப் போகவில்லை. போக வேண்டிய நாள் கடந்து 16 நாள் ஆகிவிட்டது. அறிவியல் ஆசிரியரே சொன்ன மருந்து பள்ளிக்கூடத்து மரத்திலேயே இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் "பத்தாயிரம்" எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன் வாசிப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

அந்த எண் பொய்யில்லை என்பதுதான் முதல் ஆச்சரியம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அது இருக்கிறது. முள் சீத்தாவிலிருந்து ஐந்து புதிய சேர்மங்களைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று, ஆய்வகத்தில் வளர்த்த ஒரு குறிப்பிட்ட பெருங்குடல் புற்றுநோய் செல் வகையின் மீது, அட்ரியாமைசின் என்ற மருந்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு வீரியத்துடன் செயல்பட்டது. அந்தச் சேர்மங்களைப் பிரித்தெடுத்தது விதையிலிருந்து. இலையிலிருந்து அல்ல. அந்தச் சோதனையில் இலைக் கஷாயமும் இல்லை, நோயாளியும் இல்லை.

மறுநாள் மாலை கணித ஆசிரியையுடன் அந்த வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மருத்துவமனைக் கோப்பைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அந்த அம்மாவே எடுத்துக் கொடுத்தார். டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் நான்கு தவணை. அதன் பிறகு பாக்லிடாக்செல் நான்கு தவணை என்று எழுதியிருந்தது. டாக்ஸோரூபிசினின் இன்னொரு பெயர்தான் அட்ரியாமைசின். அந்தச் செய்தி எந்த மருந்தை மட்டம் தட்டியதோ, அதே மருந்து அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தச் செவப்பு மருந்துதானே சார்? அது ஏறுனா ஒண்ணுக்குக்கூடச் செவப்பாப் போகுது. ரசாயனத்த ஏத்தி ஏத்தி உடம்பே போச்சு. இது இலைதானே சார், என்ன செஞ்சிடப் போகுது?"

நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். சரிபார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். பிறகு அந்தச் சிவப்பு மருந்தின் கதையைச் சொன்னேன். இத்தாலியில், ஏட்ரியாடிக் கடலோரப் பகுதியில் ஒரு பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்த மருந்துக் குடும்பம் அது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரிய வகை. நிறமும் அந்த நுண்ணுயிரி கொடுத்ததுதான்; யாரும் சாயம் கலக்கவில்லை. கடலின் பெயரால்தான் அட்ரியாமைசின் என்ற பெயரே வந்தது. அடுத்து வரப்போகும் பாக்லிடாக்செல், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். அதனால் பின்னாளில் ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் ஒரு சேர்மத்தை எடுத்து, ஆய்வகத்தில் மாற்றித் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

"அப்போ அதுவும் இலை மருந்துதானா சார்?" என்று அவருடைய கணவர் கேட்டார்.

இலையிலிருந்து வந்ததுதான், ஆனால் எவ்வளவு கொடுத்தால் நோய் அடங்கும், எவ்வளவுக்கு மேல் போனால் உடம்பு தாங்காது என்று அளந்து பார்த்த இலை என்றேன். அந்த மரப்பட்டையை முதலில் சேகரித்தது 1962 இல். மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992 இல். முள் சீத்தா இலைக்கு அந்த அளவு எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. மருந்தை நிறுத்து, தொடர் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. இலைக் கஷாயம் குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், வாய்ப்புண்ணையும் வாந்தியையும் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை அவர்கள் போனார்கள். கஷாயத்தை நிறுத்தச் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்து, வாந்திக்கு வேறு மாத்திரை எழுதி, மூன்றாவது தவணையைத் தொடங்கினார்கள்.

ஆனால் அன்று வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றவர்கள் முந்நூறு பேர். அவர்களில் எத்தனை வீடுகளுக்கு அந்தப் பத்தாயிரம் போயிருக்கும்? பத்தாம் வகுப்பு அறிவியலில் "உடல்நலம் மற்றும் நோய்கள்" பாடம் வந்தபோது, புற்றுநோய்ப் பகுதிக்கு இரண்டு பாடவேளை கூடுதலாக எடுத்துக்கொண்டேன். அந்த மாணவியிடம் முன்கூட்டியே கேட்டேன். "என் பேரு மட்டும் வேணாம் சார், மத்தபடி நடத்துங்க" என்றாள்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அந்தச் செய்தியைத் திரையில் போட்டேன். பக்கத்தில் ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தை, எளிய தமிழில் நான் எழுதியதை வைத்தேன். இரண்டையும் படித்து வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் விதையைப் பிடித்துவிட்டார்கள். "இது குடல் புற்றுநோய் மட்டும்தான் சார், செய்தியில எல்லாப் புற்றுநோயும்னு போட்டிருக்கு" என்றான் ஒருவன். வீரியம் என்ற சொல்லில்தான் நின்றார்கள். பத்தாயிரம் மடங்கு வீரியம் என்றால் பத்தாயிரம் மடங்கு நல்ல மருந்து என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். அதே வேலையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே செய்யும் என்பதுதான் பொருள் என்று விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "அப்படிப் பார்த்தா எலிமருந்துக்கும் வீரியம் ஜாஸ்திதானே சார்?" என்றான். வகுப்பு சிரித்தது. நான் நடத்த நினைத்திருந்த பாதிப் பாடத்தை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "இலையாவது மருந்தாவது, எல்லாம் மூடநம்பிக்கை" என்று வகுப்பில் பேசிவிடுவது நமக்கு எளிது. அது உண்மையும் இல்லை, மாணவர்கள் நம்பவும் மாட்டார்கள். முள் சீத்தாவில் இருப்பவை உண்மையிலேயே வலிமையான சேர்மங்கள். அசிட்டோஜெனின்கள் என்று பெயர். 35 அல்லது 37 கார்பன் அணுக்கள் கொண்ட, கொழுப்பு அமிலத்தைப் போன்ற நீண்ட சங்கிலி அமைப்பு. இலை, விதை, பழம் மூன்றிலும் உண்டு. நம் ஊர்ச் சீத்தா மரத்திலும் உண்டு. பேன் போகச் சீத்தா விதையை அரைத்துத் தலையில் தேய்க்கும் வழக்கத்தைக் கேட்டேன். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. பேனைக் கொல்வது இந்தச் சேர்மங்கள்தான். அந்த விழுது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

எப்படிக் கொல்கிறது? மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் எலக்ட்ரான்களைக் கைமாற்றி அனுப்பும் வரிசை ஒன்று இருக்கிறது. அதன் முதல் கூட்டமைப்பில் போய் அசிட்டோஜெனின் உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரான் நகராது, ஏ.டி.பி. உற்பத்தி படுத்துவிடும். இதை நான் கரும்பலகையில் விளக்காமல் மாணவர்களை வைத்தே காட்டினேன். ஆறு பேரை வரிசையாக நிறுத்திச் சுண்ணக்கட்டியைக் கைமாற்றச் சொல்லி, முதலாமவனின் இரண்டு கைகளையும் ஒருவன் பிடித்துக்கொண்டான். கடைசியில் நிற்பவளுக்குச் சுண்ணக்கட்டி வரவே இல்லை. வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லுக்கு நிறைய ஆற்றல் தேவை, அதனால் அது முதலில் விழும் என்பதுதான் இந்தச் சேர்மங்களின் மீது ஆய்வாளர்கள் வைத்த நம்பிக்கை.

"நல்ல செல்லுலயும் மைட்டோகாண்ட்ரியா இருக்கே சார்?" என்றாள் ஒருத்தி.

அதுதான் கேள்வி. உடம்பில் ஆற்றலை ஓயாமல் கேட்பவற்றில் நரம்பு செல்கள் முன்னணியில் இருக்கின்றன. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு வகை நடுக்குவாத நோய், பார்கின்சன் நோயின் சாயல் கொண்டது, எதிர்பார்த்ததை விட அதிகமாகக் காணப்பட்டது. முள் சீத்தாப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து உட்கொள்ளும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1999 இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிறகு அன்னோனாசின் என்ற முக்கிய அசிட்டோஜெனினை எலிகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோது மூளையில் நரம்பு செல்கள் அழிந்தன. தொடர்பு என்பதும் காரணம் என்பதும் ஒன்றல்ல. எலியும் மனிதரும் ஒன்றல்ல. இதையும் வகுப்பில் அழுத்திச் சொன்னேன். தட்டில் செல் செத்தால் மருந்து என்று நம்புவது எப்படித் தவறோ, எலி செத்ததால் பழமே நஞ்சு என்று அலறுவதும் அப்படித்தான். எப்போதாவது பழம் சாப்பிடுவது வேறு, நோய்க்கு மருந்தாக நாள்தோறும் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வேறு.

இரண்டாவது பாடவேளை ஈஸ்ட் சோதனை. செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஐந்து தண்ணீர் பாட்டில்களில் வெதுவெதுப்பான நீர், சர்க்கரை, ரொட்டிக்கடையில் வாங்கிய ஈஸ்ட். ஒன்றில் வேறெதுவும் சேர்க்கவில்லை. மற்றவற்றில் முறையே முள் சீத்தா இலைக் கஷாயம், கொய்யா இலைக் கஷாயம், கைப்பிடி உப்பு, அரை டம்ளர் வினிகர். வாயில் பலூன். ஒரு மணி நேரத்தில் முதல் மூன்று பலூன்களும் எழுந்து நின்றன. உப்பும் வினிகரும் போட்டவை தொங்கின. இரண்டு இலைகளும் ஈஸ்டை ஒன்றும் செய்யவில்லை, உப்பும் வினிகரும் அடக்கிவிட்டன என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். "அப்போ ஊறுகாய்தான் சார் புற்றுநோய் மருந்து" என்றான் எலிமருந்துக்காரன். தட்டில் ஒரு செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனையை வைத்து முள் சீத்தாவுக்கு வீரியம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. நாம் வாங்கும் ரொட்டி ஈஸ்ட்டில் அசிட்டோஜெனின் உட்காரும் அந்த முதல் கூட்டமைப்பே கிடையாது. உட்கார நாற்காலியே இல்லாத வீடு அது. எந்தச் செல்லின் மீது சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகும் என்பதற்கு இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னேன்.

உடலுக்குள் போகும் பாதையைச் சொல்ல எனக்கு என் ஊர்தான் கைகொடுத்தது. ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிரிடுவார்கள். சுடுகாட்டுமல்லி என்றும் சொல்வார்கள். இலையையும் வேரையும் காயவைத்து மூட்டை கட்டி வியாபாரிகளிடம் போடுவார்கள். ஆடு மாடு அதை மேயாது. சிறுவயதில் எங்களுக்கு அது ஒரு வேலியோரச் செடி, அவ்வளவுதான். ஜமைக்கா தீவில் அதன் இலைத் தேநீர் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்து. 1952 இல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவுக்கு அஞ்சலில் போனது. ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்று வந்து இறந்தன. வேறொருவராக இருந்தால் ஆய்வை அங்கேயே மூடியிருப்பார். எலிகளின் வெள்ளையணுக்கள் சரிந்திருப்பதை அவர் கவனித்தார். வெள்ளையணு பெருகுவதைத் தடுக்கும் பொருள், வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு உதவலாம் அல்லவா? சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் உடன் சேர, 1958 இல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் உறவான வின்கிறிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரும் மருந்துகளில் ஒன்று.

வாயால் குடித்தபோது ஒன்றும் செய்யாத இலை, நேராக இரத்தத்தில் கலந்தபோது உயிரையே எடுத்தது என்ற இடத்தில் வகுப்பு அமைதியானது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்பட்டது என்றதும், டிராக்டர் டிரெய்லரில் எத்தனை மூட்டை வரும் என்று ஒரு மாணவன் கணக்குப் போடத் தொடங்கிவிட்டான். ஒரு டம்ளர் கஷாயத்தில் எவ்வளவு இருக்கும், குடலைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, ஐந்து லிட்டர் இரத்தத்தில் கரைந்து, கட்டி இருக்கும் இடத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள். மா இலையில் உள்ள மாஞ்சிஃபெரின், கொய்யா இலையில் உள்ள குவெர்செடின் என்று தட்டில் நன்றாகவே வேலை செய்யும் பல சேர்மங்கள் தடுமாறுவது இந்தப் பாதையில்தான். உண்டதில் சிறு பங்கே மாறாமல் இரத்தத்தை அடைகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமார் 35,000 தாவர இனங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாறுகளைச் சோதித்தது. நோயாளியின் படுக்கை வரை வந்து சேர்ந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பாடம் முடிந்த வாரம் மரத்தடிப் பலகையைக் கழற்றினோம். புதிய வாசகத்தை எழுதும் பொறுப்பை வகுப்பிடமே விட்டேன். "புற்றுநோயைக் குணமாக்காது" என்று எழுத வேண்டும் என்றது ஒரு குழு. "அதுவும் நமக்குத் தெரியாதே, இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்றுதானே எழுதலாம்" என்றது இன்னொரு குழு. மதிய இடைவேளை முழுவதும் சண்டை. நான் தலையிடவில்லை. கடைசியில் எழுதியது இது:

முள் சீத்தா. அன்னோனா முரிகேட்டா. சொந்த ஊர்: வெப்பமண்டல அமெரிக்கா. பழம்: உண்ணலாம், விதையை நீக்கவும். விதை: நச்சு. இலை: ஆய்வில் உள்ளது. மருந்தாகப் பறிக்க வேண்டாம், மருத்துவரைக் கேட்கவும்.

கடைசி வரியை எழுதியது அந்த மாணவி. அவளுடைய அம்மாவுக்கு எட்டாவது தவணை டிசம்பரில் முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போய்வருகிறார். தாழ்ந்த கிளைகளில் மறுபடி இலை தழைத்திருக்கிறது.